பதினைந்து கோட்டுக் குச்சி

"ஒன்பது!"

காலை ஆறரை மணிக்கு அந்த வீட்டில் எழுந்த முதல் சத்தம் அதுதான். சமையலறை மூலையில் மாமியார் குனிந்து நின்றிருந்தாள். கையில் மண்ணெண்ணெய் சொட்டும் குச்சி. ஈரம் ஏறியிருந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிடித்திருந்தாள், விட்டால் அந்தக் கோடு தப்பி ஓடிவிடும் என்பதுபோல.

"பதினொண்ணு இருக்கணும். ஒன்பதுதான் இருக்கு. ரெண்டு லிட்டர் எங்க போச்சு?"

ஸ்டவ்வின் திரியை ஏற்றிக்கொண்டிருந்த மூத்த மருமகள் திரும்பினாள். "நாலு நாளா தினம் ஒரு லிட்டர்தான் எடுக்கறேன் அத்தே. நீங்களும் பாத்துட்டுத்தானே இருக்கீங்க."

"பாக்கறப்ப ஒரு லிட்டர்தான் எடுக்கற. பாக்காதப்ப?"

அந்த வீட்டில் இப்படி ஒரு பேச்சு அதற்குமுன் எழுந்ததில்லை. பதினான்கு வருஷமாக அடுப்பு மூத்தவளிடம்தான் இருந்தது. உப்பு, புளி, எண்ணெய் எதையும் யாரும் அவளிடம் அளந்து கேட்டதில்லை. மண்ணெண்ணெய் விலை ஐந்து மாதத்தில் நான்கு தடவை ஏறியது. அதோடு மரியாதை இறங்கிவிட்டது.

முதல் ஏற்றத்தில், எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் காலுக்கு அடியில் வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கிண்ணங்கள் போயின. தண்ணீர் வைத்தார்கள், எறும்புகள் நீந்தக் கற்றுக்கொண்டன. இரண்டாவது ஏற்றத்தில் மூத்தவளின் கணவன் மாட்டிக்கொண்டான். அவன் பெயிண்டர். தூரிகை கழுவிய எண்ணெயையே தெளிய வைத்து மறுபடி மறுபடி கழுவச் சொன்னாள் அம்மா. மூன்றாவதில் அவன் தம்பி, சின்னவன். அவன் சைக்கிள் மெக்கானிக். செயின் கழுவ வீட்டு எண்ணெயைத் தொடக் கூடாது என்று உத்தரவு. அவன் மனைவி, இளையவள், வீட்டிலேயே பள்ளிச் சட்டை தைப்பவள். தையல் மிஷினின் அழுக்கைத் துடைக்கத் துணியில் நனைத்துக்கொள்ளும் நாலு சொட்டும் நின்றது. நான்காவது ஏற்றத்தில் வெந்நீர்க் குளியல் நின்றது, இளையவளின் எட்டு மாதக் கைக்குழந்தைக்குத் தவிர. கரண்ட் போனால் ஒரே விளக்கைச் சுற்றிப் பெரியவர்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இத்தனைக்கும் சட்டம் போட்டது மாமியார். சாட்சி அந்தக் குச்சி.

அந்தக் குச்சி, செத்துப்போன மாமனார் செய்தது. பழைய சதுரத் தகர டின்னில் ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் கத்தியால் ஒரு கோடு வெட்டினார். மொத்தம் பதினைந்து கோடு. போன வாரம் அந்த டின்னின் அடி துருப்பிடித்து ஒழுகியதும், மூத்தவளின் கணவன் வேலை செய்த இடத்திலிருந்து வார்னிஷ் வந்த காலிக் கேன் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்தான். கீழே வயிறு பெருத்து, மேலே போகப் போகக் குறுகிய கேன். பதினைந்து லிட்டர் ஊற்றிக் குச்சியை விட்டுப் பார்த்தார்கள். ஈரம் சரியாகப் பதினைந்தாம் கோட்டில் வந்து நின்றது. "உங்கப்பா குச்சின்னா குச்சி!" என்று மாமியார் பூரித்துப்போனாள். அந்த நம்பிக்கையில் மூன்று நாள் அளந்து பார்க்கவே இல்லை.

நாலே நாளில் அந்தக் குச்சி மூத்தவளைத் திருடி என்றது.

மூத்தவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் இளையவள் குழந்தையின் பால் புட்டியோடு உள்ளே வந்தாள். பக்கத்தில் வந்து நின்றதும் அவள் கையிலிருந்து குப்பென்று மண்ணெண்ணெய் வாடை அடித்தது. இளையவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். முகம் வெளிறியிருந்தது.

மூத்தவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. குழந்தைக்கு ஒரு வாரமாக மார்ச்சளி. ஆவி பிடிக்க, ஒத்தடம் கொடுக்க என்று அடிக்கடி வெந்நீர் வேண்டும். கேட்டால் கிழவி கத்துவாள் என்று பயந்து, இந்தப் பெண் தனியாக எடுத்து எரித்திருக்கிறாள்... பாவம், பச்சைப் பிள்ளைக்காரி.

"நான்தான் அத்தே," என்றாள் மூத்தவள். "ஊத்தும்போது கை தவறிக் கொட்டிடுச்சு. சொல்லப் பயமா இருந்துச்சு."

"ரெண்டு லிட்டர் கொட்டுச்சா? ரெண்டு லிட்டர் கொட்டினா தெருவே நாறும்டீ! வயசானது எனக்கு, என் மூக்குக்கு இல்ல!"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சொன்ன பொய். அது அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

கணவன் முற்றத்திலிருந்து வந்தான். முழங்கை வரை நீலப் பெயிண்ட். அம்மாவைப் பார்த்தான், குச்சியைப் பார்த்தான், கடைசியாகத்தான் மனைவியைப் பார்த்தான்.

"உங்கண்ணன் முந்தாநாள் பையோட வந்தாரே..."

"குழந்தைக்கு பிஸ்கட் கொண்டுவந்தாரு."

"வரும்போது பிஸ்கட். போகும்போது?"

மூத்தவளின் அண்ணன் தெருமுனையில் டீக்கடை வைத்திருந்தான். நாளெல்லாம் எரியும் ஸ்டவ். விலை ஏற ஏற அவன்தான் முதலில் வாடினான் என்பது ஊருக்கே தெரியும். அவள் கணவனை நேராகப் பார்த்தாள்.

"போகும்போது பழைய பேப்பர் கேட்டாரு, குடுத்தேன். என்னை என்ன வேணா சொல்லுங்க. எங்கண்ணனை இழுக்காதீங்க."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

எங்கே போனான் என்பது மதியம் தெரிந்தது. சின்னவனின் சைக்கிள் கடை டீக்கடைக்கு எதிரே. சாப்பிட வந்தவன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி... அண்ணன் டீக்கடைக்கு வந்தாரு. பத்து மணி. டிரைவருங்க, லோடு ஏத்தறவங்க, கடை நிறையக் கூட்டம். எல்லார் முன்னாடியும், 'மச்சான், எங்க வீட்டு மண்ணெண்ணெய்ல டீ நல்லா கொதிக்குதா'ன்னு கேட்டுட்டாரு."

மூத்தவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கண்ணன் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. அடுப்பைக் காட்டினாரு. கரி அடுப்பு அண்ணி! கட்டுப்படி ஆகலன்னு மாறிப் பத்து நாளாச்சாம். அதைப் பாத்தாவது அண்ணன் திரும்பி வந்திருக்கலாம்... 'அப்ப வித்துக் காசாக்கிட்டீங்களா'ன்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"உங்கண்ணன் ஒரு டீ ஆத்தி அவர் முன்னாடி வெச்சாரு. 'காசு வேணாம் மச்சான், குடிச்சுட்டுப் போங்க'ன்னாரு. அவ்ளோதான்."

அவள் அழவில்லை. பாத்திரத்தை எடுத்துத் துலக்க ஆரம்பித்தாள். துலக்கிய பாத்திரத்தையே இரண்டாம் முறையும் துலக்கினாள்.

ஐந்தாம் நாள் காலை குச்சி எட்டு என்றது. ஒரு லிட்டர் எடுத்திருந்தாள், ஒரு கோடு இறங்கியிருந்தது. கணக்கு சரியாக இருந்தது. அதுவும் அவளுக்கு எதிராகவே திரும்பியது.

"பாத்தியாடா பெரியவனே! நேத்து கேட்டோம். இன்னைக்கு ஒழுங்கா ஒரே கோடு. அப்ப நேத்து வரைக்கும் எடுத்தது யாரு?"

பெரியவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்று சாயங்காலம் மூத்தவள் துணி மடித்துக்கொண்டு சமையலறையைக் கடந்தபோது, கேனுக்குப் பக்கத்தில் இளையவள் முழந்தாளிட்டிருந்ததைப் பார்த்தாள். மடியில் ஒரு பாட்டில். மூத்தவளைக் கண்டதும் பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

'இவ்வளவு நடந்த பிறகுமா?' என்று மூத்தவளுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. உள்ளறையில் குழந்தை இருமிய சத்தம் கேட்டது. கோபம் அப்படியே நின்றது. அவள் மிச்சத் துணியை மடித்தாள்.

ஆறாம் நாள் காலை. அன்றைய ஒரு லிட்டரை எடுத்து ஸ்டவ்வில் ஊற்றினாள். மாமியார் குச்சியை விட்டாள். எடுத்துப் பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி விட்டாள்.

"எட்டு... நேத்தும் எட்டு, இன்னைக்கும் எட்டு!" குரல் உயர்ந்தது. "எண்ணெய் குட்டி போட்டிருக்கா? இல்ல, எடுத்தவ கொண்டுவந்து திருப்பி ஊத்திட்டாளா? ஐயோ, என் வீட்டுல இப்படி ஒரு கூத்தா...!"

வீடு முழுக்க சமையலறை வாசலில் கூடியது. கணவன் அவள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, பெரிய மனசு காட்டுகிறவன்போலச் சொன்னான்:

"உண்மைய சொல்லிடு. திருப்பி ஊத்திட்ட, சரி. நடந்தது நடந்துபோச்சு. நான் மன்னிச்சுடறேன்."

அவ்வளவு நாள் கேட்ட ஏச்சு எதுவும் அவளை அசைக்கவில்லை. இந்த ஒரு சொல்தான் அசைத்தது.

"மன்னிப்பா? செய்யாததுக்கா?" அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த மன்னிப்பைப் பத்திரமா எடுத்து வெச்சுக்கங்க. உங்களுக்கே தேவைப்படும்."

உள்ளே போனாள். பத்து நிமிஷத்தில் ஒரு பையோடு வந்தாள். பையை வாசல் கதவோரம் வைத்தாள். இளையவள், "அக்கா... வேணாங்கா..." என்று விசும்ப ஆரம்பித்தாள்.

"எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன் அத்தே. ஆனா சும்மா போக மாட்டேன். பதினாலு வருஷம் நான் பாத்த அடுப்பு. ஒப்படைச்சுட்டுத்தான் போவேன். நான் போனப்புறம் ஒரு லிட்டர் குறையுதுன்னு யாரும் தெருவுல நின்னு பேசக் கூடாது. கேன்ல என்ன இருக்குன்னு எல்லார் முன்னாடியும் அளந்து காட்டறேன்."

"அதான் குச்சி சொல்லுதே, எட்டு!"

"குச்சி சொன்னது போதும். லிட்டர் குவளை சொல்லட்டும்."

முதலில் ஸ்டவ்வை அணைத்தாள். விளக்கையும் ஜன்னல் பக்கம் தள்ளி வைத்தாள். கழுவிக் காயவைத்த இரண்டு வாளிகளை இழுத்துப்போட்டாள். கைப்பம்பைக் கேனுக்குள் விட்டு, ஒரு லிட்டர் குவளையின் விளிம்பு வரை நிரப்பி, வாளியில் ஊற்றினாள். ஒரு சொட்டுகூடத் தரையில் விழவில்லை. கை தவறிக் கொட்டுகிறவளின் கை இல்லை அது என்பதை அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

சின்னவன் எண்ணினான். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

எட்டு வந்தது. மாமியார் வாயைத் திறந்தாள். பம்பு இன்னும் எண்ணெய் இழுத்துக்கொண்டிருந்தது.

"ஒன்பது..." சின்னவனின் குரல் மாறியது. கேனைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை வடித்தாள். குவளை விளிம்பு வரை நிறைந்தது.

"பத்து! அண்ணி, பத்து!"

"இருக்காது!" என்றாள் மாமியார். "உன் மாமனார் வெட்டின குச்சி... பதினஞ்சு வருஷமா ஒரு தடவை தப்பு சொன்னதில்ல..."

மூத்தவளுக்கே அந்தப் பத்து அதிர்ச்சிதான். ஆனால் பானையும் அடுப்புமாக வாழ்ந்தவள் அவள். காலிக் கேனை ஒரு முறை தடவிப் பார்த்தாள், அகன்ற அடியிலிருந்து குறுகிய தோள் வரை. கை பாதி வழியில் நின்றது.

"அத்தே, குச்சிய குடுங்க."

வாளியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்துக் கேனில் ஊற்றினாள். குச்சியை விட்டாள். ஈரம் முதல் கோட்டைத் தொடவே இல்லை. முக்கால் தூரம்கூட ஏறவில்லை. இரண்டாவது லிட்டர், மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் குச்சியைத் துடைத்து, விட்டு, எல்லோருக்கும் நீட்டிக் காட்டினாள். பத்தாவது லிட்டரும் உள்ளே போனபோது ஈரம் எட்டாம் கோட்டில் நின்றது.

"பாத்தீங்களா? பத்து லிட்டர், எட்டு கோடு. மாமா மேல தப்பில்ல. அவர் சதுர டின்னுக்கு வெட்டினாரு. அது மேலயும் கீழயும் ஒரே அகலம். இது அடியில பானை, மேல சொம்பு. அடியில ஒரு லிட்டர் பரந்து படுத்துக்கும். மேல அதே ஒரு லிட்டர் ஒடுங்கி நிக்கும். முதல் நாலு நாள் நாம எடுத்தது மேல இருந்த எண்ணெய். ஒரு லிட்டர் எடுத்தா ஒண்ணரைக் கோடு, ரெண்டு கோடு இறங்கும். அதுதான் உங்க ரெண்டு லிட்டர். யாரும் எடுக்கல அத்தே. எதுவும் போகல."

பெயிண்டர் அந்தக் கேனையே வெறித்துக்கொண்டிருந்தான். நாளெல்லாம் சுவரையும் கதவையும் கண்ணால் அளந்து கூலி பேசுகிறவன். அவன் கையால் கழுவி, அவன் தோளில் சுமந்து வந்த கேன்.

"நான்தானே கொண்டுவந்தேன்..." என்று முனகினான்.

"ஆனா ஒண்ணு இடிக்குது," என்றாள் மூத்தவள். "பதினஞ்சு ஊத்தினோம். ஆறு நாள், ஆறு லிட்டர் எடுத்தேன். ஒன்பதுதான் இருக்கணும். பத்து இருக்கு. ஒரு லிட்டர் அதிகம்."

இளையவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

"நான்தாங்கா... நான்தான் ஊத்தினேன்! சட்டை தைச்ச காசுல ஒரு லிட்டர் வாங்கி நேத்து சாயங்காலம் ஊத்தினேன். நீங்க ஏதோ உங்கண்ணன் கஷ்டத்துக்கு எடுத்திருப்பீங்கன்னு நினைச்சுட்டேன்கா! எல்லாரும் உங்கள பேசறதைக் கேக்க முடியல. அளவு சரியாயிட்டா விட்டுடுவாங்கன்னு..."

மூத்தவள் அவள் கையைப் பார்த்தாள்.

"அப்ப அன்னைக்கு உன் கையில அடிச்ச வாடை?"

"மிஷின் இறுகிப்போச்சுக்கா. அத்தைக்குத் தெரியாம நாலு சொட்டு துணியில தொட்டுத் துடைச்சேன். நாலே சொட்டு!"

"அடிப்பாவி..." மூத்தவளின் குரல் உடைந்தது. "நான் உன்னைத்தான் நினைச்சேன். குழந்தைக்கு வெந்நீர் வெக்க எடுத்திருப்பன்னு... அதான் என் மேல போட்டுக்கிட்டேன். நானும் உன்னைத் திருடின்னுதான் நினைச்சேன்டி. பேரு மட்டும் சொல்லல, அவ்ளோதான்."

இளையவள் வந்து அவள் மேல் விழுந்தாள். மூன்று நாளாக வராத அழுகை மூத்தவளுக்கு அப்போதுதான் வந்தது. இருவரும் மண்ணெண்ணெய்க் கைகளோடு ஒருவர் முதுகை ஒருவர் பற்றிக்கொண்டு அழுதார்கள். இரண்டு ரவிக்கைகளும் பாழ்.

சின்னவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்: "திருடனே இல்லாத வீட்டுல ரெண்டு பேரு திருடனைக் காப்பாத்தியிருக்கீங்க! எந்த ஊருலயும் நடக்காது அண்ணி."

மாமியார் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். குச்சியை மடியில் போட்டு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த வாயால உன்னைத் திருடின்னு சொன்னேனே... பதினாலு வருஷம் எனக்குச் சோறு போட்ட கை... இந்தக் குச்சிய ஒடிச்சு அடுப்புல போடும்மா! என்னையும் சேத்துப் போடு!"

மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் குந்தினாள். அடித்துக்கொள்ளும் கைகளைப் பிடித்து நிறுத்தினாள். "குச்சி என்ன பண்ணும் அத்தே? ஒரு பக்கம்தானே மாமா வெட்டியிருக்காரு. இன்னொரு பக்கம் சும்மாதானே இருக்கு."

அப்போதுதான் கணவன் கிட்டே வந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன. "எடுத்து வெச்சுக்கச் சொன்னியே... அந்த மன்னிப்பு..."

"அது இங்க இல்ல. டீக்கடையில இருக்கு," என்றாள் அவள். "மணி ஒன்பதரை. பத்து மணிக்கு அதே கூட்டம் வரும். அன்னைக்கு எந்தச் சத்தத்துல கேட்டீங்களோ, அதே சத்தத்துல சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் என் பை வாசல்லயே இருக்கும்."

"சொல்றேன்," என்றான் அவன். கொஞ்சமும் தயங்கவில்லை.

"இருடா, நானும் வரேன்," என்று மாமியார் சுவரைப் பிடித்து எழுந்தாள். "குச்சி பிடிச்ச கை என்னுது."

கடைசியில் எல்லோருமே போனார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இளையவள், குச்சியைக் கையிலிருந்து கீழே வைக்க மறந்த மாமியார், பெயிண்டர், மெக்கானிக். மூத்தவள் நடுவில் நடந்தாள். டீக்கடையில் லோடு ஏற்றுகிறவர்கள் தம்ளரைப் பாதியில் நிறுத்திப் பார்த்தார்கள்.

"மச்சான்!" பெயிண்டரின் குரல் எதிர்ச் சாரி வரை கேட்டது. "அன்னைக்கு உங்களை நான் கேட்டது தப்பு. எங்க வீட்டுல ஒரு சொட்டுகூடக் காணாம போகல. என் பொண்டாட்டி எடுக்கல, நீங்க வாங்கல. நான் கொண்டுவந்த கேனை எனக்கே அளக்கத் தெரியல. எல்லார் முன்னாடியும் சொன்னேன், எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்கறேன்."

அண்ணன் கரி அடுப்பை விசிறிக்கொண்டே கேட்டான். விசிறியைக் கீழே வைத்தான். தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவள் மெல்லத் தலையசைத்தாள்.

"உக்காருங்க மச்சான்," என்றான். டீயை ஆற்றி மாமியாரிடம் முதலில் நீட்டினான்.

மாமியார் வாங்கவில்லை. "முதல்ல என் மருமகளுக்குக் குடுப்பா," என்றாள். "மூத்தவளுக்கு."

மூத்தவள் வாங்கிக் குடித்தாள். சூடாக இருந்தது. பதினான்கு வருஷத்தில் எல்லோருக்கும் முன்னால் அவளுக்கு டீ கிடைத்தது அன்றுதான்.

மதியம் வீட்டில் மறுபடி பம்பும் வாளியும் வந்தன. ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, குச்சியின் மறுபக்கத்தில் மூத்தவள் கத்தியால் கோடு வெட்டினாள். அடியில் நெருக்கமாக, மேலே போகப் போக விலகி விலகி. பத்து வரை வெட்டினாள். மிச்சம் ஐந்தை அடுத்த தடவை வாங்கும்போது வெட்டலாம் என்று விட்டாள். கத்தியைத் துடைத்துக்கொண்டே, "இனிமே வாரத்துக்கு நாலு சொட்டு தையல் மிஷினுக்கு," என்று அறிவித்தாள். "விலை இன்னும் ஏறினாலும் சரி." மாமியார் தலையாட்டினாள்.

வாசலோரம் இருந்த பையை யார் உள்ளே எடுத்துவைத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. கைப்பிடியில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை ஆறரை மணி. மூத்தவள் அன்றைய ஒரு லிட்டரை எடுத்து ஸ்டவ்வை நிரப்பினாள். மாமியார் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

"விடட்டுமாம்மா?"

"விடுங்க அத்தே. விடாம எப்படி?"

குச்சி உள்ளே போனது, வெளியே வந்தது. மாமியார் அதைப் புதுப் பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, நகத்தை வைத்து அழுத்தினாள். அவள் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"ஒன்பது!"

"ஒன்பதுதான்," என்றாள் மூத்தவள். தீக்குச்சியை உரசினாள்.